சேலை கட்டிய ஹால்

செல்வராஜ் டிரம்மில் ஒரே ஒரு அடிதான் அடித்தான். அந்த அடி எதிர்ச் சுவரில் மோதி, தகரக் கூரையில் ஏறி, ஜன்னல் கண்ணாடிகளை உலுக்கிவிட்டுத் திரும்பி வந்து எங்கள் முகத்திலேயே விழுந்தது.

"இன்னாடா இது?" என்றான். குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், குற்றம் குச்சியுடையது என்பது போல.

அடையாறில் ஒரு கிளப்பின் ஹால் அது. சனிக்கிழமை காலை. மறுநாள் பதினொரு மணிக்கு அங்கே எங்கள் முதல் 'ஜாம் செஷன்'. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ராக் இசை என்பது பட்டப்பகலில் நடக்கிற சமாசாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சில ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் இளவட்டங்கள் கூடி ஆடுவார்கள். ஆடி முடித்து, முகம் கழுவி, தலையைப் படிய வாரிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல பிள்ளைகளாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

மோசஸ் கிதாரை ஒரு முறை மீட்டினான். ஹால் முழுக்கக் கூழ் கரைத்தது போல ஆயிற்று. ஸ்ரீதர் ஒரு வரி பாடினான். அடுத்த வரியைப் பாட வாய் திறந்தபோது முதல் வரி இன்னும் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது. அடிச்சுரம் போடும் என் பேஸ் கிதாரின் தடித்த தந்தியை நான் சுண்டினேன். யாரோ அண்டாவை உருட்டிவிட்ட சத்தம் கேட்டது. அதில் சுரமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மற்ற மூவருக்கும் போவது ஒரு கச்சேரி. எனக்குப் போவது ஒரு சாவி.

துணிக்குள் வளர்ந்த பாட்டு

சாவியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, ஒரு சின்ன முன்னறையில் துண்டும் வேட்டியும் விற்று, மெல்ல மெல்ல மாடி கட்டினவர். ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். துணியை அவர் கண்ணால் பார்க்க மாட்டார். ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கண்ணை மூடிக்கொள்வார். இழை, சாயம், எந்த ஊர்த் தறி எல்லாம் அந்த விரல் சொல்லிவிடும். எதிரே நிற்கிற வியாபாரிக்கு அதுவரை மூச்சு வராது.

கடையின் மாடியில் கொடௌன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் கொடௌன் எங்களுக்கு. சாவி என் கால்சட்டைப் பையில். அந்தச் சாவிதான் எங்கள் பேண்டு என்றே சொல்லலாம். வேறு எந்த வீட்டிலும் எங்களை வாசலில்கூட நிற்க விடவில்லை.

ஸ்ரீதருக்கு மயிலாப்பூர். வீட்டில் பாட்டுக் கற்றுக்கொடுத்தார்கள், அவன் வெளியே வந்து வேறு பாட்டுப் பாடினான். மோசஸுக்குச் சாந்தோம். தேவாலயத்தில் கிதார் வாசிப்பவன், பேச்சு குறைவு, கை பேசும். செல்வராஜுக்குச் சைதாப்பேட்டை. அவன் மாமா கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு வாத்தியக் கோஷ்டி வைத்திருந்தார். டிரம் செட்டே அங்கிருந்து வந்ததுதான். பெரிய டிரம்மின் முகத்தில் மாமாவின் பெயரும் இரண்டு மயில்களும் வரைந்திருக்கும். பெயரை ஒரு துண்டால் மறைத்தோம். மயில்களை மறைக்க மனம் வரவில்லை.

கொடௌனுக்குள் கஞ்சி மொடமொடப்பின் வாசனையும் அந்துருண்டை வாசனையும் சாக்குத் தூசியும் கலந்து அடிக்கும். மூன்று பக்கமும் கூரை வரை துணிக் கட்டுகள். நடுவில் நாங்கள். பழைய வால்வு ரேடியோவை ரிச்சி தெருவில் மாற்றிக் கட்டி வாங்கிய ஆம்ப்ளிஃபயர். செருப்பில்லாமல் தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால் ராக் இசை என்றாலே எனக்கு இன்றும் முதலில் ஞாபகம் வருவது ரப்பர் செருப்புதான்.

எவ்வளவு திருகினாலும் சத்தம் போதவில்லை. எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகினோம். செல்வராஜ் முழுக்கையும் ஓங்கி அடித்தான். ஸ்ரீதர் நரம்பு புடைக்கக் கத்தினான். அப்போதுதான் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் நம்பினோம். சுற்றி அடுக்கியிருந்த பருத்தி எங்கள் சத்தத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது என்பது ஒருவனுக்கும் உறைக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரன் மகன் பேண்டு ஆரம்பித்தால்தான் இப்படி ஒரு தவறு நடக்கும்.

கண்டக்டரும் வீணையும்

இடையில் ஒன்று. பேஸ் கிதாரை நான் அம்மாவின் பழைய போர்வையில் சுற்றித்தான் பஸ்ஸில் எடுத்துப் போவேன். ஒரு நாள் கண்டக்டர் போர்வையைத் தட்டி, நுனியை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாபா இது, வீணையா?"

"கிதார்."

"ரெண்டு தந்தி காணோமே? அறுந்து பூட்ச்சா?"

"இதுக்கு நாலுதாங்க."

"அப்ப அர டிக்கெட் போதும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆறு தந்திக்காரன் மோசஸ் பக்கத்தில் இருந்ததால் என்னை எல்லோரும் அரை டிக்கெட்டாகத்தான் பார்த்தார்கள். அப்பாவும் அப்படித்தான்.

பந்தி போட்டாச்சு

எங்கள் முதல் மேடை ஒரு கல்யாண வரவேற்பு. தியாகராய நகரில் தெருவை அடைத்துப் போட்ட பந்தல். மாப்பிள்ளையின் தம்பி எங்கள் ரசிகன், அவனால் வந்த வாய்ப்பு. மோசஸ் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தான். முன்வரிசைக் குழந்தைகள் குதிக்க ஆரம்பித்திருந்தன. அப்போது பந்தலின் கோடியிலிருந்து ஒரு குரல், "பந்தி போட்டாச்சு!"

நாற்காலிகள் நகர்ந்த சத்தத்தில் மோசஸின் உச்சம் காணாமல் போயிற்று. அவன் கண் திறந்தபோது எதிரே மணமக்கள் மட்டும் இருந்தார்கள். அவர்களும் எழுந்து போக முடியாததால் இருந்தார்கள்.

பந்தலின் ஓரத்தில் எழாமல் இருந்த இன்னொருவர் அப்பா. மறுநாள் காலை கல்லாவில் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார். ஸ்ரீதரும் கூட இருந்தான்.

"ஏல முருகேசா, நேத்து பாத்தேன். இந்த மயிலாப்பூர்த் தம்பி பாடுதது கேக்கு. சைதாப்பேட்டப் பையன் போடுத அடி பனகல் பார்க் வரைக்கும் கேக்கு. மோசஸு வாசிக்கதும் கேக்கு. நீ என்னல பண்ணுத? வெரல மட்டும் ஆட்டிக்கிட்டு நிக்க. உன் சத்தம் எங்கல?"

ஸ்ரீதர் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தான். "மாமா, அது சுருதிப் பெட்டி மாதிரி. இருக்கறச்சே யாருக்கும் தெரியாது. நின்னுடுத்துன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"இருந்தா தெரியாத ஒண்ணுக்கு எதுக்குய்யா ஒரு ஆளு?"

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

"தீவாளிச் சரக்கு வரப்போவுது" என்றார் அப்பா. "எனக்குக் கொடௌனும் வேணும், நீயும் வேணும். அடையாறுல என்னமோ ஆட்டம்ங்கியே, அதுக்கு வாரேன். உன் சத்தம் எனக்குப் பட்டுச்சுன்னா சாவி ஓங்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா சாவியக் குடுத்துட்டு மறுநாளே கல்லாவுல வந்து உக்காந்துரு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ரகத்துக்கு விலை சொல்வது போலச் சொன்னார். அதன்பிறகு பேரம் கிடையாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பின் நந்தனத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் வாசித்தோம். அதுவும் திறந்தவெளி. ஆக, நான்கு சுவருக்கும் ஒரு கூரைக்கும் நடுவே, துணி இல்லாமல், நாங்கள் எங்கள் சத்தத்தைக் கேட்டது அந்தச் சனிக்கிழமைதான்.

கொடௌனை இட்டாந்துரு

கிளப் மேனேஜர் நல்ல மனிதர். "ஆள் வந்தா எதிரொலி அடங்கிடும் தம்பி" என்றார். அவர் சொன்ன ஆள் வரவேண்டுமே! எங்களைக் கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்று எங்களுக்கே தெரியாது.

குமிழ்களைக் குறைத்துப் பார்த்தோம். செல்வராஜ் குறைத்தால்தானே? அவனை மெதுவாக அடிக்கச் சொன்னோம். பூனையைத் தடவுவது போலத் தடவினான், தாளம் தப்பியது.

"மெதுவா அடிச்சா கையே மறந்து பூடுது நைனா. மாப்ள ஊர்கோலத்துல அடிச்சிக்கினு வளந்த கை இது."

எல்லோரும் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டோம். செல்வராஜ் வெள்ளைச் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், "நம்ம கொடௌன்ல சோக்காத்தானே கீது? அப்ப கொடௌன இங்க இட்டாந்துரு."

சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியவன் மோசஸ். அடுத்து நான். அங்கே இருந்ததும் இங்கே இல்லாததும் துணிதான்.

அப்பா சின்னாளப்பட்டிக்குக் கொள்முதலுக்குப் போயிருந்தார். ஞாயிறு காலை ரயிலில் இறங்கி நேரே அடையாறுக்கு வருவதாக ஏற்பாடு. வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"சாவியக் கொண்டா."

"எம்மா, மடிப்புக் கலைஞ்சா அப்பா..."

மடிப்புதான் எங்கள் வீட்டில் வேதம். மடிப்புக் கலையாதவரை அது புதுச் சேலை. கலைந்துவிட்டால் யாரோ உடுத்திக் கழித்த சேலை என்பார் அப்பா.

"அவியள நான் பாத்துக்கிடுதேன். நீ தூக்குய்யா" என்றார் அம்மா.

கனமான ஜமுக்காளங்களையும் போர்வைகளையும் முதலில் எடுத்தோம். அம்மா தள்ளி நின்று பார்த்தார். "வெறும் போர்வையாத் தொங்கவிட்டா தரும ஆஸ்பத்திரி மாரி இருக்கும். முன்னால சுங்குடிச் சேலயப் போடுங்க. பச்ச, அரக்கு, மஞ்ச, மாத்தி மாத்தி வரட்டும்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவை யாரும் கடைக்குள் ஒரு ரகம் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. அன்று அவர் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடையின் மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் மூட்டைகள். செல்வராஜ் மிதித்தான், நாங்கள் தள்ளினோம். சைதாப்பேட்டை கடைத்தெருவைத் தாண்டும்போது அவன் தெருக்காரர் ஒருவர் கூவினார்.

"இன்னா செல்வம், ஜவுளி ஏவாரமா?"

"கச்சேரிக்குப் போய்க்கினு கீறோம்ணா!"

"கச்சேரிக்கா? இம்மாம் பொடவையா? எத்தினி பேருடா பாடுறீங்க?"

பாலம் ஏறி ஆற்றைத் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே தள்ளினோம்.

மடிக்கோல்

"சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

ஜன்னல்கள் கூரைக்குக் கீழே வெகு உயரத்தில் இருந்தன. ஏணி வாங்கி, கம்பிக்குக் கம்பி கயிறு கட்டிவிட்டோம். ஆனால் அவ்வளவு உயரக் கயிற்றில் ஒவ்வொரு சேலையாக ஏறி இறங்கிப் போட்டால் ஞாயிறு போய்த் திங்களும் வந்துவிடும். அப்போதுதான் ஸ்ரீதர் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிக் காணாமல் போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு நீள மூங்கில் கோல்.

"எங்காத்துல அம்மாவுக்குத் தோள்வலி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "தெனம் மடிப்புடவை ஒணத்தறது நான்தான். வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோடா."

மடி பார்க்கிற வீடுகளில் கொடியை உத்தரத்தை ஒட்டிக் கட்டியிருப்பார்கள், யார் கையும் பட்டுவிடாமல். துவைத்த துணியைக் கோலால்தான் ஏற்ற வேண்டும். ஸ்ரீதர் சேலையின் ஒரு முனையைக் கோல் நுனியில் தொங்கவிட்டான், கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளினான், லேசாக ஒரு இழுப்பு இழுத்தான், சேலை முழு அகலத்துக்கும் விரிந்து சுருக்கமில்லாமல் நின்றது. கோல் நுனியாலேயே கரையை நேராக்கினான். பெல்பாட்டமும் தோளில் புரளும் முடியுமாக அவன் அதைச் செய்த அழகை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மோசஸ் அன்றைக்குப் பேசின ஒரே நீள வாக்கியம் இது: "டேய், நீ பாடறதை விட இதை நல்லா பண்றே."

உள்ளே போர்வையும் ஜமுக்காளமுமாக, சாயங்காலம் ஹால் சேலை கட்டிக்கொண்டு நின்றது. அதே வாசனை, கஞ்சியும் அந்துருண்டையும். செல்வராஜ் போய் உட்கார்ந்தான். குச்சியை ஓங்கினான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

ஒரு அடி. விழுந்த இடத்திலேயே நின்றது.

"மச்சி!" என்று அவன் போட்ட கூச்சல்தான் அடியை விடப் பெரிதாக இருந்தது. நாங்கள் மேடைக்கு ஓடினோம். என் தந்தியைச் சுண்டினேன். அண்டா இல்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, வட்டமாக, தரை வழியாக நடந்து போயிற்று. சின்னக் குழந்தை போலக் குதித்தேன்.

ஞாயிறு பதினொன்று

வந்தார்கள். நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே வந்தார்கள். பூப்போட்ட சட்டைகள், தரை பெருக்கும் பெல்பாட்டங்கள், மேக்ஸி அணிந்த கல்லூரிப் பெண்கள். "டெக்கரேஷன் பிரமாதம்" என்று ஒருத்தி சேலைகளைக் காட்டிச் சொன்னாள். முன்வரிசையில் காஞ்சிபுரம் பட்டில் அம்மா, கையில் இலவசக் குளிர்பானம். வாழ்க்கையில் முதல்முறையாக அதைக் குடித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

முதல் பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் எழுந்து ஆடினார்கள். இரண்டாவது பாட்டில் மீதிப் பேரும் எழுந்தார்கள். இந்த ஊரில் இருபது வயதில் இருப்பதைப் போல ஒரு சுகம் உண்டா என்று அன்று தோன்றியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஸ்ரீதர் குரல் கத்தாமலே எட்டியது. பந்தி போட்டாச்சு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

மூன்றாவது எங்கள் சொந்தப் பாட்டு. அது தொடங்கியபோது வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. தோளில் பயணப் பை, முகத்தில் ரயில் புழுதி.

அப்பா மேடையைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தார். இந்தச் சுவர், அந்தச் சுவர், பின் சுவர். தீபாவளிக்கென்று ஏற்கெனவே வந்திறங்கிய சரக்கு மொத்தமும் மடிப்பு பிரிந்து தொங்குகிறது. என் விரல் நின்றுவிட்டது.

"மச்சி, வுட்றாத!" என்று பின்னாலிருந்து செல்வராஜ் கத்தினான். மறுபடி பிடித்துக்கொண்டேன்.

அப்பா கூட்டத்துக்கு ஓரமாக நடந்து போய் ஒரு அரக்குச் சேலையின் கரையைப் பிடித்தார். இழுத்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தபடி நின்றார். விட்டுவிட்டு அடுத்த மஞ்சள் சேலையைப் பிடித்தார். அதற்கடுத்தது. சரக்கு சரிபார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மேடைப் பக்கம் வந்தார். என் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சுங்குடி. அதைப் பிடித்து நின்றுவிட்டார்.

அந்தப் பாட்டில் ஓரிடம் உண்டு. ஸ்ரீதரின் பாட்டு நிற்கும், மோசஸ் கிதாரை நிறுத்துவான், செல்வராஜும் குச்சியை மேலே தூக்கிக்கொள்வான். என் தந்தியில் நான் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் நடந்து போவேன். பிறகுதான் எல்லோரும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

நடந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

எவ்வளவோ மேடைகள் அதற்குப் பிறகு ஏறியிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் வாசித்ததில்லை.

கூட்டம் கலைந்தபின் மேனேஜர் ஓடிவந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீங்கதான் தம்பி. இந்த டெக்கரேஷனும் அப்படியே வேணும்." அவர் போனதும் அப்பா வந்தார். அம்மா குறுக்கே புகுந்து, "நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை.

"ஏல, அந்தப் பச்சச் சேலயப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். துடிச்சுது. பாட்டு நின்னுச்சு, அப்பவும் துடிச்சுது. மோசஸும் இந்தச் சைதாப்பேட்டப் பையனும் நிப்பாட்டுனாவ, அப்பவும் துடிச்சுது. நெஞ்சுல கைவச்ச மாரி இருந்துச்சு. அது நீதானல?"

"ஆமாப்பா" என்றேன்.

மடிப்பைக் கலைத்த குற்றத்துக்காவது கேட்பார் என்று பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் திரும்பி, பச்சைச் சேலையைக் கயிற்றிலிருந்து மெல்ல உருவினார். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"பழைய மடிப்பு மேலயே மடிக்கணும், பாத்துக்க. அடுத்த ஞாயித்துக்கெழம திரும்பக் கட்டணும்லா."